மணி கட்டிய சிறுத்தை

மச்சான்,

நேற்று உங்கள் வீட்டில் பலாப்பழம் அறுத்தோம். அறுத்தது நான்தான். கையில் ஒட்டிய பால் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தும் இன்னும் போகவில்லை. பேனாவை எடுத்தால் விரலோடு ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. சரி, எதையாவது எழுதச் சொல்கிறது போலிருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டேன். இந்த வீடு முழுக்க அந்த வாசனைதான். நீங்கள் உட்காருகிற நாற்காலிவரைக்கும் வந்து நிற்கிறது.

பழம் நாவல்கொம்பையிலிருந்து வந்தது. வழக்கம்போல உங்கள் மகன் சரவணன் அடிவாரத்தில் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தான். வருஷா வருஷம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வருவது நீங்கள். "கண்டக்டரே! என்ற பையன் பழம் குடுத்தானா?" என்று நீங்கள் கேட்டால், திருச்செங்கோட்டு மலை உச்சியில் இருக்கிற சாமிக்கே கேட்கும். இந்த வருஷம் நான் போனேன். மெதுவாகத்தான் கேட்டேன். கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சத்தம் போடறவரு வர்லீங்களா?" என்றார். "அவரு இனி வரமாட்டாருங்க" என்றேன். மனுஷன் பழத்தை அவரே இறக்கி, அவரே ஆட்டோ வரைக்கும் தூக்கி வந்து வைத்தார்.

பழம் என்றால் சாதாரணப் பழம் இல்லை. லாரியின் ஸ்டெப்னி டயருக்கு முள் முளைத்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. ஆட்டோவிலிருந்து ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்தேன். இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா வந்துவிட்டாள். "ரெண்டு கையாலயும் கட்டிப்புடிச்சு, வழியில மூணு எடத்துல எறக்கி வெச்சயேடா" என்று அவர் முன்னாலேயே போட்டு உடைத்துவிட்டாள்.

அந்த இடத்தில்தான் மச்சான், நீங்கள் இல்லை என்பது எனக்கு உறைத்தது. மயானத்திலும் உறைக்கவில்லை, பதினாறாம் நாள் காரியத்திலும் உறைக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆமாங்க, ஒத்தக் கைதானுங்க, நானும் பாத்தனுங்க" என்றிருப்பீர்கள். அதோடு முடிந்தது. நான் வாயால் கட்டிய கோட்டைக்கெல்லாம் நீங்கள்தானே அஸ்திவாரம்.

நாம் இரண்டு பேரும் போகாத மாநிலம் இல்லை. போர்வெல் வண்டியில் நீங்கள் ரிக் ஆபரேட்டர், நான் லாரி டிரைவர். ராஜஸ்தானில் ஒட்டகம் விழுந்து கும்பிடும்படி தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர்கள் நாம். எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பு உன்னைத் தாங்காது என்று வாத்தியாரே சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் ஏழு பாஷையில் டீ கேட்பேன். உங்களுக்கு ஒரே பாஷைதான், அதுவும் உச்சக் குரலில். கம்ப்ரசர் பக்கத்தில் நின்று நின்று உங்கள் காது பாதி போய்விட்டது. தனக்குக் கேட்காதவன் அடுத்தவனுக்கும் கேட்காது என்று நினைக்கிறான் பாருங்கள், அப்படியே ஆகிவிட்டீர்கள். சாப்பாட்டுக்கு உப்புக் கேட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் உப்போடு வந்து நிற்பார்.

சரவணன் மலைப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போனபோது, ஒரு வருஷத்தில் இறங்கிவிடுவான் என்றுதான் நினைத்தோம். மற்றவர்கள் எல்லாம் அப்படித்தானே இறங்கினார்கள். இவன் லீவுக்குக்கூட வருவதைக் குறைத்தான். அப்புறம் ஒரு நாள் அக்காவுக்குப் போன் வந்தது. அங்கேயே செல்வி என்று ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்கிறானாம், அங்கேயே இருந்துவிடுகிறானாம். பெண் ஊர்த்தலைவரின் மகளாம், காட்டு வேலை எல்லாம் பார்க்கிறவளாம். நம் சனத்தில் இப்படி ஒரு கல்யாணத்தை யாரும் கேள்விப்பட்டதில்லை. நீங்கள் மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள்.

"மாப்ள! கெளம்பு! பையனக் கழுத்தப் புடிச்சு இழுத்துட்டு வரோணும்!"

தாய்மாமன் இல்லாமல் ஒரு காரியம் நடக்குமா? வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். அக்கா வாசலில் நின்று உங்களிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "ரெண்டு பேராப் போறீங்க. மூணு பேரா வரோணும். என்ற தம்பியக் காட்டுல உட்டுட்டு வந்தீங்கன்னா ஊட்டுக்குள்ள உடமாட்டேன்."

இராசிபுரத்தில் இறங்கி, அங்கிருந்து மினி பஸ்ஸில் அடிவாரம். அதற்கு மேல் கால்தான். அப்போது ஜீப்புக்கும் பாதை கிடையாது. நீங்கள் வழி முழுக்கச் சரவணனைத் திட்டுவதற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறினீர்கள். "உன்னப் படிக்க வெச்சது இதுக்கா?" என்று நீங்கள் கத்தினால், எதிர்ச் சரிவு "இதுக்கா?" என்று திருப்பிக் கேட்டது. இரண்டாவது ஏற்றத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்தீர்கள். வழி சட்டென்று திரும்புகிற ஒரு பாறையடியில்தான் அது குறுக்கே பாய்ந்தது.

சிறுத்தை.

நான் அப்போதே சொன்னேன், சிறுத்தை என்று. நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு புதருக்குள்ளிருந்து மணிச் சத்தம் கேட்டது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். மேலே நடந்தோம்.

ஊருக்குள் நுழைந்தால் சனம் எல்லாம் மாரியம்மன் கோயில் முன்னால் கூடி நிற்கிறது. சரவணன் கூட்டத்தில் இருந்தான். நம்மைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. வந்தவர்கள் யார், என்ன என்று யாரும் கேட்பதற்கு முன்னால் நான் ஆரம்பித்துவிட்டேன். "வழியில சிறுத்தைங்க! கண்ணு ரெண்டும் லாரி எட்லைட்டாட்ட! நான் ஒரு சத்தம் போட்டனுங்க, வாலச் சுருட்டிட்டு ஓடிருச்சு!" சனம் உங்களைத் திரும்பிப் பார்த்தது. நீங்கள் கொலைக் கோபத்தில் இருந்தீர்கள். இருந்தும் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. "ஆமாங்க! நானும் பாத்தனுங்க!"

அதில் எனக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒருவர் தாம்பாளத்தில் மஞ்சள் கயிறுகளோடு நம் பக்கம் வந்தார். அவர்தான் ஊர்த்தலைவர், செல்வியின் அப்பா. "விருந்தாளி ஆராச்சும் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டார். எந்தக் கோயிலுக்குப் போனாலும் முதல் மரியாதை எனக்குத்தான் விழும் என்பது உங்களுக்குத் தெரியாததா. வலது கையை நீட்டிவிட்டேன். மஞ்சள் துண்டு கோத்த கயிற்றை அவர் மணிக்கட்டில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"நல்லதுங்க. அடுத்த வாரம் பொங்கல் வெச்சுக் காப்பு அவுக்கற வரைக்கும் எல்லைக் கல்லத் தாண்டக் கூடாதுங்க" என்றார்.

நம் ஊரிலும்தான் காப்புக் கட்டுகிறோம். கட்டிய கையோடு தறிக்குப் போகிறவர்கள் உண்டு, லாரி எடுக்கிறவர்கள் உண்டு. ராத்திரி வீட்டில் வந்து படுத்தால் போதும். அந்த ஊர்க் காப்பு வேறு என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்கு உங்களிடம் கேட்டேன். இப்போதெல்லாம் வேறு மாதிரிச் சொல்கிறேன். எல்லாம் தெரிந்து, முன்யோசனையோடுதான் கையை நீட்டினேன் என்கிறேன். யாரும் நம்புவதில்லை.

"அட கேணப்பயலே!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் கோயில் மணியே லேசாக ஆடியது. ஊர்த்தலைவர் பதறவில்லை. விரலை வாயில் வைத்தார். "ஐயா, காப்புக் கட்டியாச்சுங்க. அம்மா ஊருக்குள்ள தங்கியிருக்கறா. அவ போற வரைக்கும் ஆரும் சத்தம் போட்டுப் பேசறதில்லீங்க."

நீங்கள் வாயை மூடினீர்கள். மெல்லப் பேசிப் பார்த்தீர்கள். உங்கள் ரகசியக் குரல் மற்றவர்களின் சந்தைக் குரலாக இருந்தது. ஒரு சின்னக் குழந்தை பயந்து அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தது. என்னைத் தனியாக இழுத்துப் போய், "நான் எறங்கறேன், நீ கெட" என்றீர்கள். "போங்க மச்சான், அக்கா கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றேன். எல்லைக் கல்வரைக்கும் போனீர்கள். கல்லைப் பார்த்தீர்கள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டீர்கள். அதே நேரத்தில் ஊர்த்தலைவரின் செவலைக் கன்று ஒன்று மணி ஆட ஆட எதிரில் வந்து நின்று நம்மையே பார்த்தது. நீங்கள் கிழக்கே பார்த்தீர்கள், நான் மேற்கே பார்த்தேன்.

அந்த ஊரின் அமைதியை எப்படி எழுதுவது? காப்பு நாளில் உரலில் போட்டு இடிக்க மாட்டார்கள், கடுகு தாளிக்க மாட்டார்கள். சேவல் ஒன்று விடியலில் ஒரு தடவை கூவிவிட்டு, தப்புச் செய்தவன்போல் தலையைக் குனிந்துகொண்டதை நான் கண்ணால் கண்டேன். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். சாப்பிட்ட பிறகு பலாச்சுளை. கூடத்தில் இருபது பேர் சாப்பிட்டால் இருபது வாய் மெல்லுகிற சத்தம்தான் கேட்கும்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ காலையில் என்னை எழுப்பினீர்கள். "மாப்ள, என்னடா அது சத்தம்?" எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து தேடினோம். சுனையிலிருந்து தண்ணீர் கொண்டு வருகிற ஓஸ் பைப்பின் இணைப்பில் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டு உங்களுக்குக் கேட்டிருக்கிறது! மூன்று தடவை கூப்பிட்டாலும் "ஆ?" என்கிற காதுக்கு! அன்றைக்கே செல்வி வந்து, வாசலில் நின்றபடி, "கஞ்சி குடிக்கறீங்களா மாமா?" என்று மெல்லிய குரலில் கேட்டாள். நீங்கள் "ஆ?" என்று சொல்லவில்லை. "ஊத்து கண்ணு" என்றீர்கள். சொன்ன பிறகுதான் அவளிடம் பேசக்கூடாது என்று நினைத்திருந்தது ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். கஞ்சியை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டே சுனைக்குப் போய்விட்டீர்கள். நம் ஊரில் ஆயிரம் அடி போட்டு, புகைமாதிரி கல் மாவு மட்டும் வர, தோட்டக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்காருவாரே, அந்த மாதிரி எத்தனை முகம் பார்த்திருக்கிறோம். இங்கே பாறை இடுக்கில், யாரும் கேட்காமல், தண்ணீர் சும்மா வந்துகொண்டிருந்தது. நீங்கள் பாறையில் காதை வைத்துப் படுத்தேவிட்டீர்கள். சரவணன் பின்னாலேயே வந்து நின்றான். நான் காப்பிச் செடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பீடி பற்ற வைக்கத்தான். ஒட்டுக் கேட்பதற்கு இல்லை.

"ஏஞ்சாமி, ஊட்டுக்கு வரமாட்டயா?" என்றீர்கள். உங்களுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதை முப்பது வருஷத்தில் நான் கேட்டதில்லை.

"வந்தா கத்துவீங்கப்பா."

"என்ற தொண்டை அப்படி. உன்ற மேல கோவம்னா கத்தறேன்?"

"தெரியுமுங்கப்பா. ஆனா உங்ககிட்ட எதச் சொல்றதுன்னாலும் நானும் கத்தோணும். கத்திச் சொன்னா எல்லாமே சண்டையாப் போயிருது. பாஸாயிட்டேன்னு கத்திச் சொல்லலாம். காலேஜ் ஹாஸ்டல்ல ஒருக்கா நெம்ப பயந்து கெடந்தேன். போன் போட்டேன். பயமா இருக்குதுன்னு எப்படிங்கப்பா கத்திச் சொல்றது? நல்லா இருக்கறேன்னு கத்திட்டு வெச்சுட்டேன்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் எழுந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பாறையைக் கையால் துடைத்தீர்கள்.

"உக்காரு. இப்பச் சொல்லு. கேக்குது."

அதற்குப் பிறகு அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஆள் ஆளுக்கு ஒரு விதமாக இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கிறேன், அது வேறு. வெயில் ஏறுகிறவரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே இருந்தீர்கள். இறங்கி வரும்போது அவன் தோளில் உங்கள் துண்டு கிடந்தது.

காப்பு அவிழ்க்கிற நாள் வந்தது. ஊர்த்தலைவர் ஒவ்வொருவர் கையாக அவிழ்த்துக்கொண்டு வந்தார். கடைசிக் கயிறு என்னுடையது. அதுவும் அவிழ்ந்ததும் ஊர்ச்சனம் மொத்தமும் உங்களைப் பார்த்தது. இனிச் சத்தம் போடலாம், இவர் எதற்காக ஏறி வந்தார் என்பதும் அதற்குள் எல்லோருக்கும் தெரியும். செல்வி கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சரவணன் தரையைப் பார்த்தான். நீங்கள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தீர்கள்.

"பொண்ணு கேக்க வந்திருக்கறனுங்க!"

பலா மரத்திலிருந்த பறவை எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பிப் பறந்தது. அடுத்த மலைக்காரர்களும் பெண் இருக்கிற வீடாகப் பார்த்து விசாரித்திருப்பார்கள். ஊர்த்தலைவர் காதைத் தேய்த்துக்கொண்டு, "எதுக்குங்க கத்தறீங்க, பக்கத்துலதான நிக்கறேன்" என்றார். சிரித்தார்கள் பாருங்கள், சேர்த்து வைத்த ஒரு வாரச் சத்தமும் அந்தச் சிரிப்பில் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் அக்கா வாசலிலேயே நிறுத்தினாள். "மூணு பேரா வரச் சொன்னா ரெண்டு பேரா வந்து நிக்கறீங்க?" நீங்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நாலு பேரு ஆயிருச்சு. ரெண்டு பேரு மேல இருக்கறாங்க" என்றீர்கள். அக்கா உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு பெண்ணுக்குச் சேலை என்ன நிறத்தில் எடுப்பது என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள். சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். பங்காளி வீட்டு விசேஷத்துக்கு நமக்குச் சொல்லவே இல்லை. முகத்துக்கு நேரே பேசினவர்களும் உண்டு. ஆனால் உங்களுக்குத்தான் காது கேட்காதே. "ஆ? என்னங்க?" என்று கேட்டுக் கேட்டு, பேசினவர்களையே களைத்துப்போக வைத்தீர்கள். சொட்டுத் தண்ணீர் கேட்ட காது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்புறம் அந்தக் கல் தூசி. எத்தனை வருஷம் குடித்தீர்களோ அத்தனையும் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது உங்கள் குரல் போய்விட்டிருந்தது. திருச்செங்கோட்டு மலையை எட்டிய குரல், கட்டிலோரம் குனிந்தால்தான் கேட்டது. சரவணனும் செல்வியும் பேரப்பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு இறங்கி வந்திருந்தார்கள். பெரியவள் கட்டில் மேல் ஏறி உங்கள் வாயோடு காதை வைத்துக்கொண்டாள். சின்னவன் கால்மாட்டில். பார்க்க வந்த சனமும் சுற்றி நின்றது. நீங்கள் சிறுத்தைக் கதையை எடுத்தீர்கள்.

அது என் கதை. இத்தனை வருஷமும் நான் சொல்ல, நீங்கள் சாட்சி. அன்றைக்கு நீங்களாகச் சொன்னீர்கள். பாறை, திருப்பம், அதன் கண்கள், எல்லாம் நான் சொல்கிறபடியே வந்தது. பிறகு கொஞ்சம் நிறுத்தி, மூச்சை வாங்கிக்கொண்டு, "பின்னால ரெண்டு குட்டி" என்றீர்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குட்டிகளை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கே தோன்றாத இரண்டு குட்டிகள்! சனம் உங்களை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. நீங்களும் பார்த்தீர்கள்.

"ஆமாங்க" என்றேன். "நானும் பாத்தனுங்க."

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தீர்கள்.

போன மாதம் காப்புக்கு நாவல்கொம்பை போயிருந்தேன். இப்போது பாதி மலைவரைக்கும் ஜீப் போகிறது. அதற்கு மேல் நடக்கவேண்டிய இடத்தில் உங்கள் பேத்தியும் பேரனும் என்னை எதிர்கொண்டு வந்து நின்றார்கள். அவர்களோடு ஏறினேன். அந்தப் பாறைத் திருப்பம் வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. கதை சொல்கிறபோது உங்களுக்காக ஓர் இடம் விட்டுச் சொல்லுவேனே, அந்த இடத்தில் நிற்கிற மாதிரிதான். வெறும் காற்று. கீழே இராசிபுரம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. புதருக்குள் மணிச் சத்தம் கேட்டது.

"சிறுத்தை!" என்றேன், பழக்கத்தில்.

சின்னவன் எட்டிப் பார்த்துவிட்டு, "கன்னுக்குட்டி தாத்தா அது" என்றான். பெரியவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "சிறுத்தைதான். எங்க தாத்தா சொல்லீருக்காரு. பேசாம நில்லு, குட்டி ரெண்டும் பின்னால வரும்."

நின்றோம், மூன்று பேரும். சத்தம் போடாமல் நின்றோம். அவள் புதரையே பார்த்தாள், அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். நான் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆமாங்க மச்சான். வந்தன. நானும் பார்த்தேன்.